உயர் அட்லஸ்: கழுதைத் தடத்தில் நடை, மண் சாலையில் சைக்கிள்

புறப்படும் முன்

மொராக்கோவின் உயர் அட்லஸ் மலையில் பெர்பர் மக்களின் ஊர்களை இணைக்கும் வழிகள் இரண்டு விதம். ஒன்று கோவேறு கழுதைகள் நடந்து நடந்து விழுந்த தடம். ஒற்றையடி அகலம், கல் படிகள், நெருக்கமான கொண்டை ஊசி வளைவுகள். இன்னொன்று ஜீப்பும் சிறு லாரியும் போகிற மண் சாலை. கழுதைத் தடத்தில் சைக்கிள் கொண்டுபோனால் பாதி நேரம் அது நம் தோளில்தான் இருக்கும். மண் சாலையில் நாள் முழுக்க நடந்தால் புழுதியும் சலிப்பும் மிச்சம். எந்தத் துண்டில் நடப்பது, எந்தத் துண்டில் மிதிப்பது என்று சரியாகப் பிரித்துவிட்டால் பயணத்தின் பாதிச் சிக்கல் தீர்ந்தது. விளம்பரத்தில் "மலை நடையும் சைக்கிளும்" என்று மொத்தமாகப் போட்டிருந்தால், நாள்வாரியாக எது எங்கே என்று கேட்டு வாங்கிவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும்.

இங்கே எழுதுவது மே மாதக் கடைசி வாரத்துக்கான திட்டம், சனிக்கிழமை தொடங்கி வெள்ளியில் முடிவது. ஏப்ரல் வரை 2500 மீட்டருக்கு மேலுள்ள கணவாய்களின் வடக்குச் சரிவில் பனி கிடக்கலாம். ஜூலை, ஆகஸ்ட்டில் பிற்பகல் இடிமழை ஓடைகளைத் திடீரென்று நிரப்பும். 1995 ஆகஸ்ட் 17 அன்று ஊரிகா பள்ளத்தாக்கில் வந்த வெள்ளம் சில நூறு பேரைக் கொண்டுபோனது அப்படித்தான். செப்டம்பர், அக்டோபரும் நல்ல காலம். ஆப்பிளும் அக்ரூட்டும் பறிக்கிற பருவம் அது.

வழிகாட்டி அரசு உரிமம் பெற்றவராக இருக்க வேண்டும். உரிம அட்டையைக் காட்டச் சொல்வதில் தவறில்லை, அவர்களும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. 2018 டிசம்பருக்குப் பிறகு துப்கால் சிகரப் பாதையில் வழிகாட்டி இல்லாமல் விடுவதில்லை. சோதனைச் சாவடியில் கடவுச்சீட்டைப் பார்க்கிறார்கள். ஆகவே அசல் கடவுச்சீட்டு கூடவே இருக்கட்டும். ட்ரோன் கொண்டுவர வேண்டாம், விமான நிலையத்திலேயே பிடுங்கி வைத்துவிடுவார்கள். மலையூர்களில் ரொக்கம்தான் செல்லும், மொராக்கோ நாணயமான திர்ஹத்தை மராக்கேஷ் நகரத்திலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

நாள் 1, சனி: மராக்கேஷ் – அஸ்னி – இம்லில்

மராக்கேஷிலிருந்து தெற்கே சுமார் 65 கிலோமீட்டர். வண்டியில் ஒன்றரை மணி நேரம். வழியில் அஸ்னியில் சனிக்கிழமைச் சந்தை கூடும், அதற்காகவே சனியன்று கிளம்புவது நல்லது. சமையல்காரர் ஒரு வாரத்துக்கான காய்கறி, பருப்பு, தேயிலை, சர்க்கரைக் கட்டி எல்லாம் இங்கேதான் வாங்குவார். சைவம் சாப்பிடுகிறவர்கள் பேச வேண்டிய நேரமும் இதுதான். "இறைச்சி வேண்டாம்" என்றால் மட்டும் போதாது. இறைச்சியோடு வேகவைத்துவிட்டு, காய்களை மட்டும் தனித்தட்டில் எடுத்து வைப்பது இங்கே சாதாரணம். காய் வேகவைக்கும் மண்சட்டியை, தஜீன் என்பார்கள், தனியாக வைக்கச் சொல்லுங்கள். ஹரீரா சூப்பிலும் இறைச்சித் துண்டு இருக்கக்கூடும், கேட்டுவிட்டுக் குடியுங்கள். காலையில் கிடைக்கும் வாற்கோதுமைக் கஞ்சி, அஸ்கிஃப் என்பார்கள், நம் வயிற்றுக்கு ரொம்பவே ஒத்துப்போகும்.

இம்லில் 1740 மீட்டரில் இருக்கிறது. பிற்பகல் முழுவதையும் சைக்கிளைச் சரிபார்க்க ஒதுக்க வேண்டும். அவசரமாகக் கொடுத்து அவசரமாக வாங்கிய சைக்கிள்தான் நான்காம் நாள் பழிவாங்கும்.

முதலில் பிரேக். இந்தியாவில் முன் பிரேக் வலக்கையில் இருக்கும். இங்கே பெரும்பாலும் இடக்கையில். பழக்கத்தில் "பின் பிரேக்" என்று நினைத்து இடதைச் சரிவில் அழுத்தினால், முன்சக்கரம் நின்று ஆள் கைப்பிடிக்கு மேலாகப் பறப்பார். வழிகாட்டியிடம் சொன்னால் பல சைக்கிள்களில் பிரேக் குழாயை மாற்றித் தருவார்கள். நேரமில்லை என்றால் இடப்பிடியில் சிவப்பு நாடா சுற்றுங்கள். அடுத்தது சாலையின் பக்கம். இங்கே வலப்புறம் போக வேண்டும். நேர்ச் சாலையில் இது மறக்காது, வளைவில் எதிரே லாரி வரும்போதுதான் உடம்பு தானாக இடப்பக்கம் ஒதுங்கப் பார்க்கும்.

சக்கரத்துக்கு 2.25 முதல் 2.4 அங்குல டயர், டியூப்லெஸ், உள்ளே புதிய அடைப்புத் திரவம். கீழ்ப் பீடபூமிகளில் முட்செடி அதிகம், டியூப் போட்ட சைக்கிள் ஒரே நாளில் மூன்று நான்கு பஞ்சர் பார்க்கும். 70 – 75 கிலோ எடையுள்ளவருக்கு முன்னே 1.6, பின்னே 1.8 பார் அழுத்தத்தில் காற்று போதும். அதற்கு மேல் ஏற்றினால் உருளைக்கல்லில் சக்கரம் துள்ளும். முன்பல் சக்கரத்தில் 32 பல், பின்னே பெரிய பல் சக்கரத்தில் 50 அல்லது 51 பல் இருந்தால் எந்த ஏற்றத்தையும் உட்கார்ந்தே மிதிக்கலாம். பெடல் தட்டையானதே மேல். இறங்கித் தள்ள வேண்டிய இடம் வரும், நடக்கும் ஷூவோடே மிதித்துக்கொள்ளலாம்.

உதிரிகளில் முக்கியமானது பின்கியரைச் சட்டத்தோடு பிணைக்கும் சின்ன அலுமினிய ஹேங்கர். கல்லில் சைக்கிள் சாய்ந்தால் முதலில் வளைவது இதுதான். ஒரு சட்டத்தின் ஹேங்கர் இன்னொன்றுக்குப் பொருந்தாது, மலையில் எங்கும் கிடைக்காது. குழுவில் எத்தனை மாதிரி சைக்கிளோ அத்தனை ஹேங்கர் வழிகாட்டியின் பையில் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். அதோடு செயின் இணைப்பு, ஆளுக்கு ஒரு டியூப், பிரேக் பட்டை இரண்டு ஜோடி, பம்பு, டயர் ஓட்டை அடைக்கும் ரப்பர் திரி. பிரேக் பட்டையில் உலோகக் கலவை கொண்டது வேண்டும். ரெசின் பட்டை சத்தம் போடாது என்பது உண்மைதான், ஆனால் நீண்ட இறக்கத்தில் சூடேறிப் பிடிமானம் குறைந்துவிடும்.

இரவு இம்லிலிலோ அரைமணி நடையில் உள்ள அரூம்திலோ தங்கல். விடுதி என்றால் தரையில் மெத்தை, கனமான கம்பளி, பொதுக் கழிப்பறை. தூங்கும் உறை மெல்லியது ஒன்று இருந்தால் கம்பளியின் சொரசொரப்பு தெரியாது.

நாள் 2, ஞாயிறு: இம்லில் – திஸி ம்ஸிக் – அஸ்ஸாதன் பள்ளத்தாக்கு (நடை)

இன்று சைக்கிள்கள் வண்டியில் விர்கானுக்குப் போய்விடும். மனிதர்களும் கழுதைகளும் மட்டும் மலையேறலாம். திஸி என்றால் கணவாய், இனி வழி நெடுக இந்தச் சொல் வரும். ம்ஸிக் கணவாய் 2489 மீட்டர். 750 மீட்டர் ஏற்றம். கணக்கு எளிது: சுமை இல்லாமல் நிதானமாக நடந்தால் மணிக்கு 300 மீட்டர் உயரம். ஆக இரண்டரை மணி நேரம், ஓய்வோடு மூன்று. காலை 7 மணிக்குக் கிளம்பினால் வெயில் உறைக்கும் முன் மேலே இருக்கலாம்.

கழுதையில் ஏற்றும் பை ஆளுக்கு 12 கிலோவுக்குள் இருக்கட்டும், மென்மையான பையாக இருக்கட்டும். சக்கரம் வைத்த பெட்டியைக் கூடையில் கட்ட முடியாது. முனை கழுதையின் விலாவில் குத்தும். தோளில் சிறு பை: மூன்று லிட்டர் தண்ணீர், மழைச்சட்டை, தொப்பி, வெயில் பூச்சு, ஓஆர்எஸ் பொட்டலம் இரண்டு. ஊற்று நீரானாலும் வடிகட்டியோ குளோரின் மாத்திரை போட்டு அரைமணி வைத்தோதான் குடிக்க வேண்டும். மேலே ஆட்டுக் கிடை இருக்கும் என்பதை மறக்கக் கூடாது.

கழுதை பின்னால் வந்தால் மலைச்சுவர்ப் பக்கம் ஒதுங்கி நில்லுங்கள். பள்ளத்துப் பக்கம் நின்றால் மூட்டை இடித்துக் கீழே தள்ளிவிடும். ஒவ்வொரு குழுவிலும் யாராவது ஒருவர் படம் எடுக்க வசதி என்று பள்ளத்துப் பக்கம்தான் நிற்பார். வழிகாட்டி கத்துவது அதற்காகத்தான்.

கணவாயிலிருந்து இறங்கும்போது வழி பிரியும். இடப்பக்கம் பள்ளத்தாக்கின் மேற்பகுதி, தம்சுல்த் என்ற கோடைக்காலக் கிடையும் அதன் அருகே மலை விடுதியும். வலப்பக்கம் கீழே திஸி உஸ்ஸெம் ஊர். விடுதியில் தங்கினால் மாலையில் இகூலிதன் அருவி வரை போய் வரலாம். நாளைய நடையைக் குறைக்க வேண்டும் என்றால் ஊரில் தங்குவதே சரி. சரிவுகளில் முறுக்கிய உடம்போடு நிற்கும் பழைய ஜூனிபர் மரங்களைப் பார்க்கலாம். கிளை ஒடித்துக் குளிர்காயத் தோன்றும், வேண்டாம். துப்கால் தேசியப் பூங்கா 1942இல் அமைந்தது, அதன் வட்டாரத்தில்தான் நடக்கிறீர்கள். தவிர, இந்த மரம் வளர்வது மிக மெதுவாக.

நாள் 3, திங்கள்: திஸி உஸ்ஸெம் – விர்கான் (நடை)

நாள் முழுக்க இறக்கம். ஊர் சுமார் 1850 மீட்டர், விர்கான் 1000 மீட்டர் அளவில். ஐந்து ஆறு மணி நேரம் ஆகும், மூச்சு வாங்காது, முட்டிதான் வாங்கும். கைத்தடியை நடையின் ஏற்றத்துக்கு வைத்ததைவிட ஐந்து பத்து சென்டிமீட்டர் நீட்டிக்கொள்ளுங்கள். ஷூவின் கணுக்கால் முடிச்சை இறுக்கினால் விரல் முன்னே இடிக்காது. இதைச் செய்யாதவர்களுக்கு மாலையில் பெருவிரல் நகம் கறுத்திருக்கும்.

பாதை பல இடத்தில் வாய்க்கால் கரையில் போகும். தார்கா என்று அழைக்கும் இந்த வாய்க்கால்கள்தான் ஊரின் உயிர். ஓடையை மேலே மறித்து, மலை இடுப்பில் மெல்லிய சரிவோடு தண்ணீரைக் கொண்டுவந்து, அடுக்கு வயல்களுக்கு முறை வைத்துப் பாய்ச்சுகிறார்கள். இன்னார் வயலுக்கு இத்தனை நேரம் என்பது குடும்பவாரியாகத் தீர்ந்த கணக்கு. மண்ணும் கல்லும் வைத்து அடைத்த மடையை மிதித்துக் கலைத்துவிட்டால் யாரோ ஒருவரின் முறை வீணாகும். மடையைத் தாண்டிக் கால் வையுங்கள், அதன்மேல் வேண்டாம். வாற்கோதுமை இப்போது முற்றும் தறுவாயில் இருக்கும், அக்ரூட் நிழல் மேல்மடைகளில்.

இந்தப் பக்கத்தில் 2023 செப்டம்பர் 8 இரவு வந்த நிலநடுக்கத்தின் அடையாளம் இன்னும் தெரியும். 6.8 அளவு, அல் ஹவூஸ் மாகாணத்தில் இகீல் அருகே மையம், இறந்தவர்கள் 2900க்கும் மேல். மண்ணும் கல்லும் வைத்துக் கட்டிய தட்டைக்கூரை வீடு கனமானது. சுவர் பிளந்தால் கூரை மொத்தமாக உட்காரும். இரவு 11 மணிக்கு மேல், எல்லாரும் வீட்டுக்குள் இருந்த நேரம். விர்கானிலிருந்து தெற்கே போகும் சாலையில் உள்ள 12ஆம் நூற்றாண்டுத் தின்மல் பள்ளிவாசலும் அன்று பெருமளவு இடிந்தது. நடப்பவர்களுக்கு இதில் இரண்டு செய்தி உண்டு. சரிவுகளில் தளர்ந்த பாறை இருக்கிறது, மழைக்கு மறுநாள் செங்குத்தான வெட்டுப் பாதையின் கீழே நின்று இளைப்பாறக் கூடாது. இடிந்த வீட்டின் முன் நின்று படம் எடுக்கக் கூடாது, அது ஒருவரின் வீடு. பழைய பயணப் புத்தகங்களில் குறித்த தங்கல்கள் சில இப்போது இல்லை, வழிகாட்டி சொல்வதைத்தான் நம்ப வேண்டும்.

நாள் 4, செவ்வாய்: விர்கான் – கிக் பீடபூமி – மூலாய் பிராஹிம் – அஸ்னி (சைக்கிள்)

இந்தப் பயணத்தின் மிகச் சிறந்த சைக்கிள் நாள் இதுதான், கடினமானதும் இதுதான். விர்கானிலிருந்து செம்மண் சாலையில் ஏறி 1500 மீட்டருக்கு மேலுள்ள சுண்ணாம்புக்கல் பீடபூமிக்குப் போக வேண்டும். ஏற்றத்தில் பின்னே உள்ள பெரிய பல்லுக்குச் சீக்கிரமே மாற்றிவிடுங்கள். கால் திணறத் தொடங்கிய பிறகு மாற்றினால் சுமையோடு இருக்கும் செயின் அறுந்துவிடும். இங்கே செயின் அறும் காரணம் பத்தில் ஒன்பது இதுதான் என்பது எங்கள் கருத்து. இளகிய கல்லில் எழுந்து நின்று மிதிக்கக் கூடாது, பின்சக்கரம் வழுக்கும். இருக்கையின் மூக்குக்கு நகர்ந்து, முழங்கையைத் தாழ்த்தி, உட்கார்ந்தபடியே மிதியுங்கள்.

முந்தைய இரவு மழை பெய்திருந்தால் இந்த நாளை மாற்றிவிட வேண்டும். இங்குள்ள களிமண் டயரில் ஒட்டி, சட்டத்துக்கும் சக்கரத்துக்கும் இடையே அடைத்து, சக்கரத்தையே நிறுத்திவிடும். அந்த நிலையில் வலுவாக மிதித்தால் பின்கியர் முறுக்கிக்கொண்டு ஆரக்காலில் சிக்கும். ஹேங்கர் போவது பெரும்பாலும் இப்படி. குச்சியால் மண்ணைத் தள்ளிவிட்டு, வயலோரப் புல்லில் தள்ளிக்கொண்டு போவது ஒன்றே வழி. ஒரு பகல் வெயில் அடித்தால் அதே சாலை கல்லாக இறுகிவிடும்.

மேலே ஏறியதும் எதிரே துப்கால் தொடர் முழுதாகத் தெரியும். துப்கால் சிகரம் 4167 மீட்டர், வட ஆப்பிரிக்காவிலேயே உயரம். பீடபூமி முழுக்கக் கோதுமையும் வாற்கோதுமையும், ஓரங்களில் செம்பாப்பி. நிழல் என்று ஒன்றும் கிடையாது, ஆகவே பகல் 12க்குள் கடந்துவிடத் திட்டமிட வேண்டும். தண்ணீர் ஆளுக்கு நான்கு லிட்டர். ஊர் நாய்கள் துரத்தினால் வேகம் கூட்டாதீர்கள். இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடந்தால் விட்டுவிடும். ஆட்டு மந்தை வந்தால் நின்று, அது கடந்தபின் போங்கள்.

வடக்கு விளிம்பில் மூலாய் பிராஹிம், ஒரு மகானின் அடக்கத்தலத்தைச் சுற்றி வளர்ந்த ஊர். கடைத்தெரு வரை போகலாம். தலத்துக்குள்ளும் பள்ளிவாசலுக்குள்ளும் முஸ்லிம் அல்லாதவர்கள் போவதில்லை. முட்டிக்குக் கீழே இறங்கும் கால்சட்டை ஒன்றைச் சைக்கிள் உடைக்கு மேலே மாட்டிக்கொள்வது மரியாதை. அங்கிருந்து தார்ச்சாலை இறக்கம், அஸ்னி வரை. பிறகு 17 கிலோமீட்டர் ஏறி இம்லில் போக வேண்டும். தெம்பு இருப்பவர் மிதிக்கலாம், மற்றவர்கள் வண்டியில். பெருமைக்காக மிதித்தால் நாளைக்கு உதவாது.

நாள் 5, புதன்: இம்லில் – திஸி ன் தமாதெர்த் – தஷ்தீர்த் (சைக்கிள்)

குறைந்த தூரம். 2279 மீட்டர் கணவாய்க்கு 540 மீட்டர் ஏற்றம், வளைந்து வளைந்து போகும் சாலை. கணவாயைத் தாண்டினால் எதிர்ச்சரிவில் வானெஸ்க்ராவும் தஷ்தீர்தும். சுமார் 2300 மீட்டரில் உள்ள தஷ்தீர்த் இந்த வட்டாரத்தின் மிக உயரமான ஊர்களில் ஒன்று. மதியத்துக்குள் வந்துவிடுவீர்கள். அது நல்லது, உயரத்துக்கு உடம்பு பழகும்.

தலைவலி, பசியின்மை, தூக்கம் வராமை இருந்தால் வழிகாட்டியிடம் இன்றே சொல்லுங்கள். நாளை இன்னும் மேலே போக வேண்டும்.

மாலையில் தேநீர். பச்சைத் தேயிலை, புதினா, ஏராளமான சர்க்கரை. உயரத்திலிருந்து ஊற்றி, மறுபடி பாத்திரத்தில் கவிழ்த்து, மறுபடி ஊற்றுவார்கள். முதல் குவளை நமக்கு வரத் தாமதமாவது அதனால்தான். நன்றி சொல்ல "தன்மிர்த்". பொதுத்தட்டில் சாப்பிடும்போது வலக்கை, நம் முன்னால் உள்ள பங்கு மட்டும். நடுவில் உள்ளதை விருந்து கொடுப்பவர் பிரித்துத் தருவார். பிள்ளைகளுக்கு மிட்டாய், பேனா, காசு கொடுக்காதீர்கள். கொடுத்துக் கொடுத்துத்தான் சில ஊர்களில் வெளியாளைக் கண்டதும் பிள்ளைகள் கை நீட்டப் பழகிவிட்டார்கள். ஏதாவது தர வேண்டும் என்றால் பள்ளி ஆசிரியரிடம் சேர்ப்பிக்கலாம்.

சைக்கிள்களை இன்று மாலையே வண்டியில் ஏற்றி அனுப்ப வேண்டும். நமக்கு நாளை ஒரு கணவாய். வண்டிக்கு அஸ்னி, தஹன்னவுத், ஊரிகா என்று நூறு கிலோமீட்டர் அளவுக்குச் சுற்று. காலையில் அனுப்பலாம் என்று விட்டால், உகைமதனில் நாம் வந்து உட்கார்ந்து சைக்கிளுக்காகக் காத்திருப்போம்.

நாள் 6, வியாழன்: தஷ்தீர்த் – திஸி ன் எத்தி – உகைமதன் (நடை)

ஊரின் வடக்கே நேராக எழும் சரிவில் கழுதைத் தடம் வளைந்து வளைந்து ஏறும். கணவாய் 3000 மீட்டருக்குச் சற்றுக் குறைவு; இரண்டரை மணி நேரம். குறுக்கு வழியாகத் தெரியும் கல்சரிவில் ஏறாதீர்கள், கீழே வருபவர்மேல் கல் உருளும். மேலே காற்று பலம், வியர்த்த சட்டையோடு நிற்காமல் மேற்சட்டையைப் போட்டுவிடுங்கள். மறுபக்கம் வடக்குச் சரிவு, பனித்துண்டு ஏதாவது மிச்சம் இருந்தால் குதிகாலை ஊன்றி இறங்க வேண்டும்.

உகைமதன் 2600 மீட்டர். குளிர்காலத்தில் பனிச்சறுக்குத் தலம், மே மாதத்தில் பாதி மூடிய கடைகள். ஊர் அழகில்லை, உள்ளதைச் சொல்ல வேண்டும். ஆனால் புல்வெளி வேறு விஷயம். அக்தால் என்ற முறைப்படி, மார்ச் 15 முதல் ஆகஸ்ட் 10 வரை இங்கே மேய்ச்சல் கிடையாது. புல் பூத்து விதை உதிர்க்க விட்டுவிட்டு, குறித்த நாளில்தான் மந்தைகள் ஏறும். மே மாதத்தில் புல்வெளி காலியாக இருப்பதற்குக் காரணம் இந்தக் கட்டுப்பாடு. குறுக்கே நடக்காமல் ஓரத் தடத்திலேயே போங்கள். சுற்றியுள்ள பாறைகளில் கத்தி, யானை முதலிய பழங்காலச் செதுக்கல்கள் உண்டு. மாலைச் சாய்ந்த வெயிலில்தான் கோடு தெரியும், நண்பகலில் பக்கத்தில் நின்றாலும் தெரியாது. தண்ணீர் ஊற்றியோ சாக்பீஸால் வரைந்தோ படம் எடுப்பவர்களை வழிகாட்டியே தடுக்க வேண்டும்.

நாள் 7, வெள்ளி: உகைமதன் – ஊரிகா பள்ளத்தாக்கு (சைக்கிள்)

1600 மீட்டருக்கும் மேல் இறக்கம், எல்லாம் தார்ச்சாலை. எளிது என்று நினைப்பதுதான் ஆபத்து. கிளம்பும் முன் பிரேக் பட்டையின் கனத்தைப் பாருங்கள், ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால் மாற்றிவிடுங்கள். நேற்றைக்கு முன்தினத்துப் புழுதி பட்டையைத் தின்றிருக்கும். தார்ச்சாலைக்காகக் காற்றை 0.5 பார் கூட்டுங்கள்.

இறக்கம் முழுக்க பிரேக்கை லேசாகப் பிடித்தபடியே போனால் பிரேக் தகடு கொதித்து, பிரேக் எண்ணெய் சூடாகி, பிரேக் பிடி கைப்பிடி வரை வந்து பிரேக் இல்லாமல் போகும். நேர்ப்பாதையில் விட்டு, வளைவுக்கு முன்னால் இரண்டு பிரேக்கையும் அழுத்தி வேகத்தைக் கொன்று, வளைவுக்குள் விட்டுவிட வேண்டும். வளைவின் உட்பக்கத்தில் உதிர்ந்த கல் கிடக்கும். அதிகாலையில் யாரும் பெருக்கியிருக்க மாட்டார்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நின்று தகட்டை ஆறவிடுங்கள், விரல் வைத்துச் சோதிக்காதீர்கள். மேலே கையுறை, காற்றுச்சட்டை வேண்டும். கீழே போகப் போக ஒவ்வொன்றாகக் கழற்றலாம்.

ஆளுக்கு ஆள் ஐம்பது மீட்டர் இடைவெளி. முன்னால் வழிகாட்டி, கடைசியில் கருவிப் பையோடு உதவியாளர். விபத்து என்றால் ஆம்புலன்ஸ் 15, ஊர்ப்புறக் காவல் 177.

பள்ளத்தாக்குச் சாலையை எட்டியதும் சைக்கிளை வண்டியில் ஏற்றிவிடுங்கள். இங்கிருந்து மராக்கேஷ் வரை டாக்சி, பேருந்து, சுற்றுலா வண்டிகளின் நெரிசல். மிதிப்பதில் ஒரு சுகமும் இல்லை. வெள்ளிக்கிழமை என்பதால் மதியம் எங்கும் கூஸ்கூஸ் என்ற ரவை உணவு இருக்கும், ஏழு காய் போட்டது கேட்டு வாங்கலாம். கழுதைக்காரர்கள் உகைமதனிலிருந்தே நேற்று திரும்பியிருப்பார்கள். ஆகவே அவர்களுக்கான அன்பளிப்பை வியாழன் மாலையே, ஒவ்வொருவர் கையிலும் தனித்தனியாகக் கொடுத்துவிட வேண்டும். மொத்தமாக ஒருவரிடம் கொடுத்தால் பங்கு சரியாகப் போய்ச் சேர்வதில்லை.